ஒத்திகை நாளில் ஒரு லோடு நண்டு

போன வாரக் கதையில், சாப்பாட்டு மேஜையில் அக்கா தன் தம்பிக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். "நீ வண்டியை எடுத்துட்டு வா. மதியக் கப்பலுக்கு முன்னாடி உன்னை வெளிய அனுப்பறது என் பொறுப்பு." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கிருந்த தைரியம் விடிந்ததும் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வாரக் கதை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை. அக்கா நகராட்சியில் சாலைப் பிரிவு இன்ஜினியர். துறைமுகத்தை ஒட்டிய அவளுடைய வட்டாரத்துக்கு எல்லை என்று ஒன்று இருப்பதே இதுவரை உறைத்ததில்லை. எதிர்க்கரை வேறு நாடு என்பது பள்ளிக்கூட வரைபடத்தோடு நின்றுபோன சங்கதி. காலையில் லாரியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போவார்கள், சரக்கை இறக்குவார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து அது நடக்காது. இரண்டு தலைநகரங்களிலும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி முடித்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு லாரியும் நின்று, கதவைத் திறந்து காட்டி, அனுமதிச் சீட்டை நீட்டிய பிறகுதான் கப்பல் ஏற வேண்டும். அத்தனை லாரியும் எங்கே நிற்பது? அதை நகராட்சி பார்த்துக்கொள்ளும் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். நகராட்சி என்றால் அக்கா.

தம்பிக்குச் சொந்தமாக ஒரு லாரி. உயிர் நண்டு ஏற்றுகிறவன். அக்கரையில் நண்டு வாங்குகிற முதலாளி, எல்லைச் சட்டம் மாறிய பிறகு இக்கரையிலிருந்து ஒரே ஒரு வண்டிக்குத்தான் அனுமதி எடுக்கப்போகிறார். இன்றைக்கு வருகிற லோடைப் பார்த்துவிட்டு எந்த வண்டி என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அனுமதி கிடைத்தால் தம்பி எப்போதும்போல் போவான், வருவான், அக்கா வீட்டு மாடியிலேயே குடியிருப்பான். கிடைக்காவிட்டால் முதலாளியின் கொட்டகையில் ஒரு வேலை இருக்கிறது, குடியிருக்க வீடும் உண்டு. ஆனால் எல்லை மாறுவதற்குள் அக்கரைக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகி அவள் புருஷன் வீட்டுக்குப் போனபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு அவனும் கூடவே போனான். மாடிப்படியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்காத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் ஊருக்காகத்தான் உழைக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லை மாறினாலும் தம்பி மாடியில் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அப்படியானால் நண்டு லோடோடு அவனை ஏன் ஒத்திகைக்கு இழுத்தாள்? ஆள் பஞ்சம், வேறென்ன. லாரி வரிசை எப்படி நிற்கும், எப்படி நகரும் என்று எல்லை மாறுவதற்கு முன்பே நடத்திக் காட்ட வேண்டும் என்று தலைநகரத்திலிருந்து உத்தரவு. பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். லாரிக்காரர்களோ ஒரு நாள் பிழைப்பு போகும் என்று ஆளாளுக்குக் கையை விரித்துவிட்டார்கள். "ரோடு நெறஞ்சிருக்கணும்மா. காலியா இருந்தா நம்ம மானம் போயிடும்" என்று நகராட்சித் தலைவி சொல்ல, அக்கா சொந்தக்காரர், தெரிந்தவர், கடன்பட்டவர் என்று எல்லோரையும் பிடித்துக் கெஞ்சினாள். கடைசியில் தம்பியிடம் வந்து நின்றாள். எப்படியும் அவன் அந்தச் சாலை வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். முதல் வண்டியாக நிறுத்தினால் முதல் வண்டியாகப் போய்விடுவான் என்று கணக்குப் போட்டாள்.

காலையில் மாடிக்குப் போனபோது தம்பி மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். படகுத்துறையில் நண்டுகளின் கொடுக்கைக் கட்டுகிற வேலை. கைவிரல்கள் முழுக்கச் சின்னச் சின்னக் காயங்கள் இருக்கும். கொடியில் ஒரு பக்கம் தம்பியின் சட்டைகள், இன்னொரு பக்கம் அவளுடைய துணிகள். கொடி தாழ்ந்து தொங்கியது.

"அண்ணி, இன்னிக்கு அக்கரைக்குப் போயிடலாம்ல? சந்தேகம் ஒண்ணும் இல்லையே?"

"முத வண்டியா நிக்க வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"சும்மாதான் கேட்டேன். காலையிலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அக்கா சிரித்துக்கொண்டே, லாரிக் கண்ணாடியில் ஒட்டவேண்டிய மஞ்சள் அட்டையை அவளிடம் கொடுத்தாள். 'ஒத்திகை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

*

வரிசைச் சாலையை அக்காவே வரைந்தாள், அக்காவே போட்டாள். ஒரு பக்கம் துறைமுகத்தின் மதில். இன்னொரு பக்கம் இடுப்பு உயரத்துக்கு கான்கிரீட் கட்டைகள், ஒன்றோடொன்று பல் கடித்தாற்போல் நெருக்கமாக. நடுவில் ஒரு லாரி மட்டும் போகிற அகலம். லாரிகள் வரிசையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் புகுந்துவிடும் என்று எதிர்வீட்டுக்காரர்கள் நகராட்சிக் கூட்டத்தில் சத்தம் போட்டபோது, "ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாதபடி போட்டுத் தர்றேன்" என்று எழுந்து சொன்னவள் அவள்தான். கைதட்டினார்கள். அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

கட்டைகளை இறக்கி வைத்த கிரேன் லாரி வேலை முடிந்து கிளம்பத் தயாராக நின்றது. வரிசையிலோ இன்னும் இடம் காலியாகத் தெரிந்தது.

"நீங்களும் அப்படியே வரிசையில நின்னுடுங்களேன்" என்றாள் அக்கா.

கிரேன்காரர் தலையைச் சொறிந்தார். "நான் உள்ள மாட்டிக்கிட்டா கட்டையை யாரு தூக்கறது மேடம்?"

"யாரு தூக்கச் சொல்லப்போறாங்க? நிக்கறதுதானே, நில்லுங்க."

அவரும் நின்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அக்கா அதை நகராட்சிக் காசில் செய்துகொண்டாள்.

தலைநகரத்து அதிகாரிகள் காலையிலேயே வந்துவிடுவதாகப் பேச்சு. பழைய கேட்டை மூடிவிட்டார்கள். புது கேட்டுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பம், அதில் பளபளவென்று ஒரு பூட்டு. அதை அவர்கள் வந்து திறந்து வைக்க வேண்டும். அக்கா பச்சைக் கொடியை அசைக்க வேண்டும். லாரிகள் ஒவ்வொன்றாக உள்ளே போக வேண்டும். எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும்.

காலை போய்க்கொண்டிருந்தது. அதிகாரிகளைக் காணோம்.

தம்பி ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்துகொண்டு பாட்டுக் கேட்டான். "என்னக்கா, ஒத்திகையே இவ்ளோ நல்லா நடக்குதே" என்று கிண்டல் செய்தான். அக்காவும் பதிலுக்கு ஏதோ சொன்னாள். வெயில் மதிலைத் தாண்டி ஏறியபோது அவன் பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். பின்கதவைத் திறந்து ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்தான்.

நண்டுகள் வாயில் நுரை தள்ள ஆரம்பித்திருந்தன.

வண்டி ஓடிக்கொண்டிருந்தால் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகக் காற்றடிக்கும், சாக்கு குளிர்ந்தே இருக்கும். நின்றால் அந்தப் பெட்டி அடுப்புதான். அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, எவ்ளோ நேரம்?"

"இதோ. வந்துட்டே இருக்காங்க."

"அதையே எத்தனை வாட்டி சொல்லுவ?"

அவள் நேரே கேட்டில் இருந்த அதிகாரியிடம் போனாள். தலை நரைத்த, சாதுவான மனிதர். நிழலுக்காகத் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், முத வண்டியை மட்டும் விட்டுடுங்க. உயிர் சரக்கு."

"இது ஒத்திகைம்மா."

"நானும் அதைத்தான் சொல்றேன். ஒத்திகைதானே, ஒரு வண்டி போனா என்ன?"

"எல்லை மாறின மாதிரியே நடந்துக்கணும்னு உத்தரவு. மாறினப்புறம் அனுமதி இல்லாத வண்டியை நான் விட முடியுமா?"

"இன்னும் யாருக்குமே அனுமதி குடுக்கலையே சார்."

"அதனாலதான் யாரையும் விடல."

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் முடியவில்லை, மனிதர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "சார், அவனுக்கு அந்த அனுமதி கிடைக்கணும்னா இன்னிக்கு அவன் அந்தப் பக்கம் போயாகணும். போகணும்னா அனுமதி வேணும்கறீங்க. நான் எங்க போய் முட்டிக்கட்டும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நீங்க சொல்றது நியாயம்தாம்மா" என்றார். "ஆனா நியாயத்துக்கு இந்தக் கம்பம் ஏறாதே. பூட்டியிருக்கு. சாவி அவங்க கார்ல வருது."

*

அந்தக் கார் எங்கே இருக்கிறது என்பது நகராட்சித் தலைவியின் போனில் தெரிந்தது. தலைவி கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு குடையின் கீழ் நின்று, "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"மெயின் ரோட்டுல நிக்கறாங்களாம். முன்னாடி ஒரே லாரியாம்."

"எந்த லாரி?"

"நம்ம லாரிதான்."

நடந்தது இதுதான். ஒத்திகை என்று தெரியாத வெளியூர் லாரிகளெல்லாம், முன்னால் ஒரு வரிசை நிற்கிறதே என்று அதன் வாலில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டன. வால் சந்து திரும்பி, சந்தையைத் தாண்டி, மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் அதிகாரிகளின் கார். சாவி வந்தால்தான் வரிசை நகரும். வரிசை நகர்ந்தால்தான் சாவி வரும்.

"கிரேனை விட்டு ஒரு கட்டையைத் தூக்கச் சொல்லலாமே" என்றாள் தலைவி.

அக்கா திரும்பி, வரிசையின் நடுவில் நின்ற கிரேன் லாரியைப் பார்த்தாள். தலைவியும் பார்த்தாள். கிரேன்காரர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு இருவரையும் பார்த்தார். சுமை தூக்க வேண்டுமானால் கிரேன் இருபுறமும் இரும்புக் கால்களை நீட்டி ஊன்ற வேண்டும். மதிலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான் இடம். கால் ஊன்றாமல் தூக்கினால் கட்டை எழும்பாது, லாரிதான் சாயும். முன்னால் போக முடியாது, பின்னால் வர முடியாது. அக்கா சொன்னபடியே ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது.

"நான் காலையிலேயே கேட்டேன் மேடம்" என்றார் கிரேன்காரர். குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னார். அக்காவுக்கு அதுவே சுருக்கென்றது.

இதற்குள் எதிர்வீட்டுக்காரர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. லாரியே ஆகாது என்று கூட்டத்தில் கத்தினவர்கள் இப்போது ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். பாவம், வாயில்லா ஜீவன் என்றார்கள். தம்பி இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தான்.

"வேண்டாங்க, வேண்டாங்க. குழாத் தண்ணி பட்டா செத்துடும். கடல் தண்ணிதான் ஆகும்."

கடல் மதிலுக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் நன்றாகக் கேட்டது.

தம்பி சின்னவளுக்குப் போன் செய்திருந்தான். அவள் படகுத்துறைக்குப் போய்க் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து, ஸ்கூட்டரில் முன்னாலும் பின்னாலும் அடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கொக்கியில் ஒரு துணிப்பையும் தொங்கியது. கேன்களைக் கட்டையின் மேலாக இறக்கினார்கள். அக்காவும் சின்னவளும் மாறி மாறிச் சாக்குகளை நனைத்தார்கள். அக்காவின் புடவைத் தலைப்பு சொட்டச் சொட்ட நனைந்தது. அலுவலக ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊற்றிய தண்ணீர் பெட்டிக்கு அடியில் இறங்கும்போதே வெதுவெதுப்பாகியிருந்தது.

"சின்னவளே, உன் ஸ்கூட்டர் சந்து வழியா மெயின் ரோட்டுக்குப் போகும்ல?" என்றாள் அக்கா திடீரென்று. "நீ போ. நான் அனுப்பினேன்னு சொல்லு. சாவியை மட்டும் வாங்கிட்டு வா."

சின்னவள் பறந்தாள். தம்பி கடிகாரத்தைப் பார்ப்பதும் கப்பல் துறையைப் பார்ப்பதுமாக நின்றான். அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க இன்னும் இரண்டு சாக்கை நனைத்தாள். கப்பல் கிளம்பப் போவதற்கான முதல் சங்கு ஊதிற்று.

ஸ்கூட்டர் திரும்பி வந்தது. சின்னவளின் கையில் சாவி இல்லை.

"தரமாட்டாராம் அண்ணி. அவரு கையாலதான் திறக்கணுமாம். சரி, பின்னாடி உக்காருங்க சார், கூட்டிட்டுப் போறேன்னேன். கூட இன்னும் மூணு பேரு இருக்காங்களாம், அவங்களை விட்டுட்டு வந்தா மரியாதையா இருக்காதாம்."

"நண்டு சாகுதுன்னு சொல்லலையா நீ?"

"சொன்னேனே. ஐயய்யோன்னாரு."

அக்கா தலைவியிடம் ஓடினாள். தலைவி துறைமுகத்துக்குப் போன் செய்தாள். துறைமுகம் கப்பல் கம்பெனியைக் கேட்கச் சொன்னது. கப்பல் கம்பெனி, ஒத்திகை பற்றித் தங்களுக்குத் தகவல் இல்லை, கப்பல் நேரத்துக்குப் புறப்படும் என்றது. தலைவி போனை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காவின் தோளைத் தொட்டாள்.

"என்னைப் பாத்து என்ன பண்றது? எல்லையை மாத்தறோம்னு எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? ரோடு போடுன்னாங்க, போட்டேன். நீயும் போட்ட."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரில் எந்தத் தெரு எங்கே திரும்புகிறது, எந்தச் சாக்கடை எங்கே அடைக்கிறது என்று அவளைக் கேட்டால் தெரியும். இத்தனை வருஷ உத்தியோகம், கையெழுத்துப் போட அதிகாரம், கூப்பிட்டால் ஓடிவர ஆட்கள். தம்பியின் லாரியை ஒரு முழம் நகர்த்த அவளால் முடியவில்லை.

இரண்டாவது சங்கு ஊதியது. மதிலுக்கு மேலே கப்பலின் புகைப்போக்கி மெல்ல நகர்ந்து போவது தெரிந்தது. லாரியே ஏறாமல் அரை வயிற்றோடு போனது. தம்பி அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நனைந்த சாக்கை எடுத்துப் பிழிந்து, மடித்து, ஓரமாக வைத்தான்.

*

அதிகாரிகள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். நாலு பேரும் வியர்த்துக் கொட்டியிருந்தார்கள், ஆனால் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி.

"பிரமாதம்" என்றார் பெரியவர், சாவியைத் துணியில் துடைத்தபடி. "வரிசையோட முழு நீளத்தையும் நாங்களே நடந்து பாத்துட்டோம். எவ்ளோ தத்ரூபமா இருக்கு. ஒரு வண்டிகூட வெளிய போகல பாருங்க."

"போக முடியாது சார்" என்றாள் அக்கா.

"அதான் வேணும். இதைப் போட்டது யாரு?"

தலைவி அக்காவைக் கை காட்டினாள். பெரியவர் அக்காவுக்குக் கை கொடுத்தார். எல்லை மாறுகிற அன்றைக்கும் வரிசைக்கு இவர்தான் பொறுப்பு, இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மூக்கை லேசாகச் சுளித்து, "என்னமோ வாடை அடிக்குதே" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் பூட்டைத் திறக்கக் கேட்டுக்குப் போனார்.

தம்பி போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேசி முடிக்கும்வரை அக்கா லாரியின் பக்கத்தில் நின்றாள்.

"என்னடா சொன்னாரு?"

"இன்னொரு வண்டிக்குக் குடுத்துட்டாராம். அவன் விடியக்காலைக் கப்பல்லயே ஏத்திட்டுப் போயிட்டானாம்."

அந்த வண்டிக்காரனையும் அக்கா ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தாள். முடியாதுங்க என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன். அவனுக்கு நகராட்சியில் அக்கா இல்லை.

"நான் பேசறேன்" என்றாள்.

"யார்கிட்டக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். முதலாளி, கேட்டு அதிகாரி, தலைவி, சாவிக்காரர் என்று ஒவ்வொருவராக மனசுக்குள் வந்து போனார்கள்.

"கொட்டகை வேலை அப்படியேதான் இருக்காம். சாயங்காலக் கப்பல்ல வந்து வீட்டைப் பாத்துக்கச் சொன்னாரு. வண்டியையும் கழுவணும், அங்கேயே கழுவிக்கறேன்."

"நீ போகாதடா."

"போகாம என்னக்கா பண்ணட்டும்? இந்த வரிசையில வந்து நிக்கட்டுமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பானே, அதே குரல். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நண்டு வாடை அடித்தது.

"என்னாலதான். நான்தான் உன்னை இங்க கொண்டாந்து நிறுத்தினேன்."

"நீ என்ன வேணும்னேவா பண்ணின? விடுக்கா. ஒத்திகைதானே." கண்ணாடியிலிருந்த மஞ்சள் அட்டையை உரித்து அவளிடம் நீட்டினான். "இந்தா. அப்புறம் கணக்குல ஒண்ணு குறையுதுன்னு உன்னைத்தான் கேப்பாங்க."

சின்னவள் ஸ்கூட்டரை எதிர்வீட்டு வாசலில் நிறுத்தி, அதன் சாவியை அக்காவிடம் கொடுத்தாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு கட்டை மேல் ஏறிக் குதித்து லாரியில் உட்கார்ந்தாள்.

"நீயும் போறியா?"

"வீட்டை நானும் பாக்க வேண்டாமா அண்ணி? மாடியில துணி காயுது. எடுத்து வெச்சிடுங்க."

"ராத்திரி வந்து நீயே எடுத்துக்கலாமே."

சின்னவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

கம்பம் ஏறியது. கைதட்டினார்கள். "இன்ஜினியர் மேடம், கொடி" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அக்கா பச்சைக் கொடியை அசைத்தாள். தம்பி வழக்கம்போல் இரண்டு முறை ஹாரன் அடித்தான், தெருமுனை திரும்பும்போது தினமும் அடிக்கிற அதே ஹாரன். லாரி கேட்டுக்குள் போய், மதிலின் பின்னால் திரும்பி, கண்ணுக்கு மறைந்தது.

போட்டோக்காரர் கேமராவைத் தட்டிப் பார்த்தார். "மேடம், மன்னிச்சுக்குங்க. சரியா விழல. இன்னொரு தடவை அசைங்க."

அக்கா இன்னொரு தடவை அசைத்தாள்.

*

பொழுது சாய்ந்து அவள் வீட்டுக்கு வந்தாள். முகம்கூடக் கழுவாமல் மாடிக்கு ஏறினாள். நண்டு செத்ததற்கும், முதலாளி கைவிட்டதற்கும், தம்பி கப்பல் ஏறியதற்கும் தான் ஒருத்திதான் காரணம் என்று வழிநெடுக மனசு அடித்துக்கொண்டே வந்தது. அவர்கள் திரும்பி வந்ததும் காலில் விழுந்தாவது இருக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தம்பியின் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே வந்தவள், கொடியின் பாதியில் நின்றாள். அதற்கு மேல் எடுக்க ஒன்றும் இல்லை. மறு பாதியில் வெறும் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன.

காலையில் சின்னவள் இரண்டு பேர் துணியையும் சேர்த்துக் காயப்போட்டதை அக்கா கண்ணால் பார்த்திருந்தாள். ஸ்கூட்டரின் கொக்கியில் தொங்கிய பை ஞாபகம் வந்தது. கடல் தண்ணீரோடு வந்த பை. அவள் வந்தபோது கப்பல் போகவில்லை. முதலாளியும் பேசியிருக்கவில்லை. நண்டுகள் உயிரோடுதான் இருந்தன.

அப்படியென்றால் லோடு போய்ச் சேர்ந்தாலும், தம்பிக்கு அனுமதி கிடைத்தாலும், சின்னவள் அக்கரைக்குப் போவதாகத்தான் இருந்தாள். தன் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு. தம்பிக்கு அது தெரியுமா?

அக்கா தோளில் கிடந்த சட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றாள். அக்கரையில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.